எங்கள் சந்து செயலியில் இல்லை: 102 நாள் அனுபவம்

கழிவுநீர் அடைப்பு ஒன்றைச் சரிசெய்வதற்காக 2024 அக்டோபர் 12 முதல் 2025 ஜனவரி 22 வரை 102 நாட்கள் அலைந்தேன். அந்த அலைச்சலில் 16,250 ரூபாய் போயிற்று. அம்மாவின் உடம்பும், அலுவலகத்தில் எனக்கிருந்த நல்ல பெயரும் கொஞ்சம் கெட்டன. தொடக்கத்திலேயே யாராவது நான்கு விஷயங்களைச் சொல்லியிருந்தால் பாதி நாட்களில் முடிந்திருக்கும் என்று இப்போது தோன்றுவதால்தான் இதை எழுதுகிறேன். தமிழ்நாட்டில் இன்று 25 மாநகராட்சிகள் இருக்கின்றன, அவற்றில் ஒன்றில் நடந்தது என்று மட்டும் வைத்துக்கொள்ளுங்கள். ஊரையும் அலுவலகத்தையும் பெயர் சொல்லி எழுதினால் கடைசியில் மாட்டிக்கொள்பவர்கள் பம்பு ஓட்டுபவரும் குழாய் இழுப்பவரும்தான் என்பதால் அதைத் தவிர்க்கிறேன்.

முதலில் என்னைப் பற்றிக் கொஞ்சம் சொல்ல வேண்டும். ஒரு தனியார் நிறுவனத்தில் கணக்கு எழுதுகிறேன். பதினான்கு ஆண்டுகள் அதே ஊரின் மேற்குப் பக்கத்தில், ஆசிரியர் குடும்பங்களும் ஓய்வுபெற்ற அரசு ஊழியர்களும் நிறைந்த ஒரு காலனியில் வாடகைக்கு இருந்தேன். அங்கே குடியிருப்போர் சங்கம் உண்டு, அதற்கு ஒரு வாட்ஸ்அப் குழு உண்டு. தெருவிளக்கு எரியவில்லை என்றால் யாரோ ஒருவர் படம் எடுத்து மாநகராட்சியின் செயலியில் பதிவு செய்து, புகார் எண்ணைக் குழுவில் போடுவார். உடனே இன்னும் நான்கைந்து பேர் அதே குறையைப் பதிவு செய்வார்கள். மூன்றாம் நாள் விளக்கு எரியும். நானே அப்படிப் பல முறை செய்திருக்கிறேன், செயலி இவ்வளவு நன்றாக வேலை செய்கிறதே என்று பெருமைப்பட்டும் இருக்கிறேன். செயலிக்குப் பின்னால் ஓய்வுபெற்ற பொறியாளர் ஒருவர் அலுவலகத்துக்குத் தொலைபேசியில் பேசிக்கொண்டிருந்தார் என்பதும், அந்தக் காலனியில் ஒவ்வொரு வீட்டுக்கும் ஒழுங்கான கதவு எண்ணும் தெருப் பலகையும் இருந்தன என்பதும் அப்போது என் கண்ணில் படவே இல்லை. அப்பா இறந்த பிறகு, 2024 ஜூன் மாதம், அம்மாவோடு இருப்பதற்காக ரயில் பாதைக்குக் கிழக்கே இருக்கும் எங்கள் பழைய வீட்டுக்கு வந்துவிட்டேன். அதே ஊர், அதே மாநகராட்சி, என் கைப்பேசியில் அதே செயலி.

எங்கள் வீடு இருப்பது ஒரு சந்தில். பிள்ளையார் கோயில் பின் சந்து என்று நாங்கள் சொல்வோம். குடும்ப அட்டையில் அது பிள்ளையார் கோயில் தெரு என்று இருக்கும். ஆட்டோ நுழையாது. எதிரெதிரே இரண்டு வண்டிகள் வந்தால் ஒருவர் இறங்கித் தள்ள வேண்டும். மொத்தம் 31 வீடுகள். ஆயுத பூஜைக்கு மறுநாள் காலை, சந்தின் நடுவில் இருக்கும் பாதாளச் சாக்கடை மூடியைச் சுற்றிக் கறுப்பாகத் தண்ணீர் தேங்கியிருந்தது. பக்கத்து வீட்டு மதினி, "இது வருஷா வருஷம் மழைக்கு முன்னாடி வர்றதுதான்" என்று சொல்லிவிட்டு, வாசலில் இரண்டு செங்கல்லை எடுத்துப் போட்டு அதன்மேல் நடந்து போனார். எனக்கு அது பொறுக்கவில்லை. செயலியைத் திறந்தேன். வார்டைத் தேர்ந்தெடுத்ததும் தெருக்களின் பட்டியல் வந்தது. பிள்ளையார் கோயில் தெரு இருந்தது. எங்கள் சந்து இல்லை. இல்லாத தெருவை எழுதிச் சேர்க்க இடமும் இல்லை. சரி, பக்கத்தில்தானே இருக்கிறது என்று பிரதான தெருவைத் தேர்ந்தெடுத்து, படத்தையும் ஏற்றி, புகார் எண்ணை வாங்கிக்கொண்டேன். என் முதல் தவறு அதுதான்.

மூன்றாம் நாள் குறுஞ்செய்தி வந்தது: உங்கள் புகார் தீர்க்கப்பட்டது. ஜன்னலைத் திறந்து பார்த்தேன். தண்ணீர் அப்படியே இருந்தது, ஒரு செங்கல் மட்டும் கூடுதலாகப் போடப்பட்டிருந்தது. ஆத்திரத்தோடு மீண்டும் பதிவு செய்தேன், அதுவும் முடிக்கப்பட்டது. மூன்றாவது முறையும் அப்படியே ஆயிற்று. யாரோ அலுவலகத்தில் உட்கார்ந்தபடியே பொய்யாக முடிக்கிறார்கள் என்றுதான் நினைத்தேன். உண்மை வேறு என்பது இரண்டு மாதம் கழித்துத்தான் தெரிந்தது: ஒவ்வொரு முறையும் ஒருவர் வந்திருக்கிறார், பிரதான தெருவில் நின்று பார்த்திருக்கிறார், அங்கே எல்லாம் காய்ந்து கிடந்ததால் ஒரு படம் எடுத்து இணைத்துவிட்டுப் போயிருக்கிறார். எனவே உங்கள் தெருவோ சந்தோ பட்டியலில் இல்லையென்றால், விவரம் எழுதும் பெட்டியில் முதல் வரியிலேயே வழியைச் சொல்லிவிடுங்கள். ரேஷன் கடைக்கு எதிரே உள்ளே திரும்பி எத்தனையாவது வீடு, பக்கத்து மின்கம்பத்தில் எழுதியிருக்கும் எண் என்ன என்பதையெல்லாம் எழுதுங்கள். மின்கம்ப எண் எங்களைப் போன்றவர்களுக்குக் கதவு எண்ணைவிட நம்பகமான முகவரி. கூகுள் வரைபடத்தில் அந்த இடத்தை அழுத்திப் பிடித்தால் கிடைக்கும் ப்ளஸ் குறியீட்டையும், அதாவது எழுத்தும் எண்ணும் கலந்த அந்த இடத்தின் அடையாளத்தையும், சேர்த்து எழுதலாம். நெருக்கமான சந்துகளில் கைப்பேசி காட்டும் இடம் பத்திருபது மீட்டர் தள்ளிப் போய்விடுகிறது. நீலப் புள்ளியை அப்படியே நம்பாமல் கையால் நகர்த்தி வையுங்கள். படம் எடுக்கும்போது சாக்கடையை மட்டும் எடுக்காதீர்கள். பின்னால் ஒரு கடையோ கோயில் சுவரோ தெரியும்படி, வந்து பார்ப்பவருக்கு அடையாளம் கிடைக்கும்படி எடுக்க வேண்டும்.

தீபாவளிக்கு முதல் நாள் இரவு, அக்டோபர் 30, எங்கள் குளியலறைத் துளை வழியாகத் தண்ணீர் எதிர்த்து வந்தது. அம்மா முறுக்குப் பிழிந்துகொண்டிருந்தார். அந்த நாற்றத்தை இங்கே விவரிக்கப் போவதில்லை. எட்டு மணிக்கு மேல் யாருக்குப் போன் செய்வது என்று தெரியாமல் நின்றபோது, தெருமுனையில் ஒருவர், 800 ரூபாய் கொடுத்தால் உள்ளே இறங்கிக் குத்திவிடும் ஆள் இருக்கிறார் என்றார். நான் சம்மதித்துவிட்டேன் என்பதை வெட்கத்தோடு ஒப்புக்கொள்கிறேன். பணத்தை எடுக்க வீட்டுக்குள் வந்தபோது அம்மாதான் தடுத்தார். "உள்ளே போனவன் மயங்கி விழுந்தா நீ இறங்கித் தூக்குவியா?" என்று ஒரே கேள்விதான் கேட்டார். பாதுகாப்புக் கருவிகள் இல்லாமல் மனிதரைச் சாக்கடைக்குள் இறக்குவது 2013ஆம் ஆண்டுச் சட்டப்படி குற்றம். அலுவலகம் இறக்கினாலும் குற்றம்தான், வீட்டுக்காரர் கூப்பிட்டு இறக்கினாலும் குற்றம்தான். முதல் முறைக்கே இரண்டு ஆண்டு வரை சிறையோ இரண்டு லட்சம் ரூபாய் வரை அபராதமோ இரண்டுமோ உண்டு. அந்தத் தீபாவளிக்கு ஓராண்டு முன்பு, 2023 அக்டோபரில்தான், சாக்கடையில் இறப்பவர்களின் குடும்பத்துக்கு 30 லட்சம் ரூபாய் தர வேண்டும் என்று உச்ச நீதிமன்றம் இழப்பீட்டை உயர்த்தியிருந்தது. செய்தித்தாளில் இதைப் படித்து வருத்தப்பட்டவள்தான் நான். ஆனாலும் என் வீட்டுக்குள் தண்ணீர் வந்த அரைமணி நேரத்தில் எல்லாம் மறந்துபோயிற்று. புகார் வழி வேலை செய்யாத இடங்களில் இந்த 800 ரூபாய் வழி எப்போதும் திறந்தே இருக்கிறது என்பதை நான் அன்றைக்குத்தான் அறிந்தேன்.

அன்று இரவு தனியார் கழிவுநீர் லாரியைக் கூப்பிட்டோம். சந்துக்குள் வர முடியாததால் குழாய்களை இணைத்து இழுத்ததற்கும் சேர்த்து 2,500 ரூபாய். நவம்பர் இறுதியில் மீண்டும் ஒரு முறை, 3,000 ரூபாய். இடையில், அலுவலகத்தில் தனக்கு ஆள் இருப்பதாகச் சொன்ன ஒருவரிடம் 2,000 ரூபாய் கொடுத்து ஏமாந்தேன். அதைப் பற்றிச் சொல்ல அதிகம் இல்லை: அவருடைய கைப்பேசி அணைந்தது, அவ்வளவுதான். லாரி தண்ணீரை எடுக்கும், அடைப்பை எடுக்காது என்பதையும் இரண்டாவது முறை பணம் கொடுத்த பிறகே புரிந்துகொண்டேன்.

நவம்பர் முதல் வாரம் விடுப்பு எடுத்துக்கொண்டு வார்டு அலுவலகத்துக்குப் போனேன். சண்டை போடத் தயாராகப் போனேன். ஆனால் அங்கிருந்த உதவிப் பொறியாளர் பொறுமையான மனிதர். கணினித் திரையை என் பக்கம் திருப்பிக் காட்டினார். எங்கள் வார்டிலிருந்து முந்தைய மாதம் வந்திருந்த கழிவுநீர்ப் புகார்கள் விரல்விட்டு எண்ணக்கூடிய அளவில் இருந்தன, அவற்றில் மூன்று என்னுடையவை. நான் முன்பு இருந்த காலனி அடங்கிய வார்டின் பட்டியல் திரையை நிரப்பிக்கொண்டு கீழே போய்க்கொண்டே இருந்தது. "அடைப்பு எடுக்கிற ஜெட்டிங் லாரி எங்க பகுதிக்கு ஒண்ணுதாம்மா. புகார் எங்க அதிகமோ அங்கதான் முதல்ல அனுப்பச் சொல்றாங்க. உங்க பக்கம் அவ்வளவா பிரச்சனை இல்லைன்னுதான் கணக்கு காட்டுது" என்றார். நான் எதுவும் பேசவில்லை. காலனியில் சாக்கடை பொங்கி நான் பார்த்தது பதினான்கு ஆண்டுகளில் இரண்டு முறை. இங்கே செங்கற்கள் ஒவ்வொரு வீட்டு வாசலிலும் நிரந்தரமாகவே கிடக்கின்றன. கணக்கு எழுதுவது என் தொழில். பதிவாகாத செலவு செலவே இல்லை என்று ஆகிவிடும் கணக்குப் புத்தகங்களை நான் பார்த்திருக்கிறேன். திரையில் இருந்ததும் அப்படியொரு புத்தகம்தான்.

பின்னால் இதைப் பற்றித் தேடிப் படித்தபோது, இது நம் ஊருக்கு மட்டும் உரியதல்ல என்று தெரிந்தது. அமெரிக்காவின் பாஸ்டன் நகரில் 2012 வாக்கில் ஸ்ட்ரீட் பம்ப் என்றொரு செயலியைக் கொண்டுவந்தார்கள். காரில் வைத்திருக்கும் கைப்பேசியே குலுக்கலை உணர்ந்து சாலைப் பள்ளத்தை நகர நிர்வாகத்துக்குத் தெரிவித்துவிடும். யாரும் புகார் எழுதவே வேண்டாம். கேட்பதற்கு அருமைதான். ஆனால் காரும் ஸ்மார்ட்போனும் இருப்பவர்கள் ஓடும் சாலைகளின் பள்ளங்கள் மட்டும் அதில் பதிவாகும், ஏழைகளும் முதியவர்களும் வாழும் பகுதிகள் விட்டுப்போகும் என்று ஆய்வாளர்கள் அப்போதே எச்சரித்தார்கள். அங்கே காரும் ஸ்மார்ட்போனும். இங்கே புகார் பதியத் தேவைப்படும் ஓடிபியும் தெருப் பட்டியலும்.

அன்று மாலை வீடு வீடாகப் போய், ஏன் ஒருவரும் புகார் செய்வதில்லை என்று கேட்டேன். சோம்பல் என்றோ அறியாமை என்றோதான் பதில் வரும் என்று உள்ளூர எதிர்பார்த்திருந்தேன். அதற்காக இப்போது வருந்துகிறேன். ஒரு வீட்டில் இருக்கும் ஒரே ஸ்மார்ட்போன் மகனோடு பட்டறைக்குப் போய்விடுகிறது. ஓடிபி வரும்போது அவன் கையில் ஸ்பானர் இருக்கும்; அவன் பார்ப்பதற்குள் அது காலாவதியாகிவிடும். இன்னொரு வீட்டில் செயலியில் பதிந்திருப்பது இறந்துபோன கணவரின் எண், அந்தச் சிம் இப்போது இல்லை. மூன்றாவது வீட்டில் கழிவுநீர் இணைப்புக்கு ரசீது கிடையாது. முப்பது ஆண்டுகளுக்கு முன் யாரோ காசு வாங்கிக்கொண்டு இணைத்துவிட்டுப் போனது. புகார் செய்தால் ஆள் வருவார், வந்தால் ரசீது கேட்பார், இல்லையென்றால் இணைப்பைத் துண்டிப்பார் என்ற பயம். நான்காவது வீட்டுச் சித்தி சொன்னதுதான் என்னை அதிகம் பாதித்தது. பல வருடங்களுக்கு முன் அவர் புகார் செய்தபோது, வந்தவர் சந்தின் முனையில் நின்று, "யார் இங்க கம்ப்ளைண்ட் கொடுத்தது?" என்று உரக்கக் கேட்டாராம். பெயர் தெரிந்துபோய், சந்துப் பக்கம் வீட்டை இழுத்துக் கட்டியிருந்த அண்டை வீட்டாரோடு ஏற்பட்ட மனக்கசப்பு இன்றும் தீரவில்லை. 2019-21இல் எடுத்த தேசியக் குடும்ப நலக் கணக்கெடுப்பில், இந்திய அளவில் இணையத்தை ஒருமுறையாவது பயன்படுத்திய பெண்கள் 33.3 விழுக்காடு, ஆண்கள் 57.1 விழுக்காடு என்று இருக்கிறது. எங்கள் சந்தில் பகலில் இருப்பவர்கள் பெண்கள். சாக்கடையைத் தாண்டிப் போய்க் குழாயில் தண்ணீர் பிடிப்பவர்களும் அவர்கள்தான். புகார் செய்யும் கருவி அந்த நேரத்தில் வேறெங்கோ வேலைக்குப் போயிருக்கிறது.

புகார் எண்ணிக்கைதான் லாரியை வரவழைக்கும் என்றால் எண்ணிக்கையைக் கூட்டிவிடலாம் என்று முடிவு செய்தேன். இங்கேதான் இரண்டாவது பெரிய தவறைச் செய்தேன். எனக்கு அலுவலகம் இருந்ததால், ஏழு வீட்டுக்காரர்களைக் கடைத்தெருவில் இருக்கும் கணினி மையத்துக்குப் போகச் சொல்லி, ஆளுக்கு 50 ரூபாய் வீதம் 350 ரூபாய் நானே கொடுத்தேன். ஏழு பேரும் போய்ப் புகார் செய்துவிட்டு வந்தார்கள். இரண்டு வாரம் ஒரு செய்தியும் இல்லை. மறுபடி அலுவலகத்துக்குப் போனபோது பொறியாளர் சிரித்துவிட்டார். ஏழு புகாரும் ஒரே கைப்பேசி எண்ணிலிருந்து, ஒரே நாளில், ஒரே வாசகத்தில் வந்திருந்தன. யாரோ ஒருவர் ஏழு முறை அழுத்தியதாக நினைத்து ஒன்றை வைத்துக்கொண்டு ஆறை நீக்கிவிட்டார்களாம். அந்தக் கடைக்காரர் ஓடிபிக்காகக் காத்திருக்கப் பொறுமையில்லாமல் எல்லாவற்றையும் தன் எண்ணிலேயே பதிந்திருக்கிறார். மிச்சமிருந்த ஒரு புகாரும் முடிக்கப்பட்டிருந்தது. அந்தக் குறுஞ்செய்தி போனது கடைக்காரருக்கு. கெட்ட எண்ணத்தில் அவர் அப்படிச் செய்யவில்லை, நாள் முழுக்க அப்படித்தான் வேலை பார்க்கிறார். ஆகவே வேறொருவர் மூலம் எந்த அரசுச் சேவைக்கு விண்ணப்பித்தாலும், எந்த எண்ணைப் பதிகிறார் என்று திரையைப் பார்த்து உறுதி செய்துகொள்ளுங்கள். சாதாரண பட்டன் போனுக்கும் ஓடிபி வரும். ஸ்மார்ட்போன் இல்லாதவர்கள் அதையே கையில் கொண்டுபோனால் போதும். ஒப்புகைத் தாளை வாங்காமல் கடையை விட்டு இறங்காதீர்கள். பழைய எண்ணை, குறிப்பாக இறந்தவரின் எண்ணை, சொத்து வரி, குடிநீர்க் கட்டணம், சமையல் எரிவாயு என்று எங்கெல்லாம் இருக்கிறதோ அங்கெல்லாம் சிம் உயிரோடு இருக்கும்போதே மாற்றிவிடுங்கள். பிறகு அது தனியொரு அலைச்சல்.

இதற்கிடையில் அம்மாவுக்கு வாந்தியும் காய்ச்சலும் வந்து, மூன்று நாள் குளுக்கோஸ் ஏற்ற வேண்டியதாயிற்று. 4,200 ரூபாய் ஆனது. சாக்கடையால்தான் வந்தது என்று மருத்துவர் எழுதித் தரவில்லை, நானும் கேட்கவில்லை. ஆனால் அந்த வாரம் இரவில் தூக்கம் வராமல், காலனி வீட்டை ஏன் விட்டு வந்தேன் என்று நினைத்தேன். இந்த மனிதர்களோடு வளர்ந்தவள் நான். பதினான்கு ஆண்டு வெளியே இருந்துவிட்டு வந்ததும் ஆறு மாதத்தில் ஓடிப்போக நினைக்கிறேனே என்ற குற்ற உணர்வும் சேர்ந்துகொண்டது.

நவம்பர் 25 அன்று தகவல் அறியும் உரிமைச் சட்டத்தின் கீழ் ஒரு மனு எழுதினேன். வெள்ளைத் தாளில் எழுதி, பத்து ரூபாய் நீதிமன்றக் கட்டண வில்லை ஒட்டி, பொதுத் தகவல் அலுவலருக்கு அனுப்ப வேண்டும், அவ்வளவுதான்; நான் அப்போது ஒப்புகை அட்டையோடு பதிவு அஞ்சலில் அனுப்பினேன். வறுமைக்கோட்டுக்குக் கீழ் இருப்பவர்களுக்கு அந்தப் பத்து ரூபாயும் வேண்டாம், சான்றை மட்டும் இணைத்தால் போதும். இதில் கேள்வி கேட்கும் முறைதான் முக்கியம். "ஏன் நடவடிக்கை எடுக்கவில்லை?" என்று எழுதத்தான் முதலில் கை போயிற்று. அப்படிக் கேட்டால், விளக்கம் தர இந்தச் சட்டத்தில் இடமில்லை என்று பதில் வந்துவிடும். கேட்க வேண்டியது ஆவணங்களை. என் மூன்று புகார் எண்களையும் குறிப்பிட்டு, அவற்றை முடித்தவரின் பதவி, முடித்தபோது இணைத்த படத்தின் நகல், அதற்கு முந்தைய மூன்று மாதங்களில் ஜெட்டிங் லாரி எந்தெந்தத் தெருக்களுக்குப் போனது என்ற பதிவேட்டின் நகல், செயலியில் இருக்கும் எங்கள் வார்டின் தெருப் பட்டியல் ஆகிய நான்கையும் கேட்டேன். 30 நாட்களுக்குள் பதில் தர வேண்டும். வரவில்லை என்றாலோ திருப்தி இல்லை என்றாலோ அடுத்த 30 நாட்களுக்குள் மேல்முறையீடு செய்யலாம். எந்த அலுவலகத்துக்கு எழுதுவது என்று குழம்பவும் தேவையில்லை. தவறான இடத்துக்குப் போய்ச் சேர்ந்தால் உரிய இடத்துக்கு ஐந்து நாட்களுக்குள் மாற்றி அனுப்ப வேண்டியது அவர்களின் பொறுப்பு. இதைச் சொல்லக் காரணம், சென்னையில் பாதாளச் சாக்கடையைக் குடிநீர் வாரியம் பார்க்கிறது, மழைநீர் வடிகாலை மாநகராட்சி பார்க்கிறது; எங்கள் ஊரைப் போன்ற இடங்களில் இரண்டுமே மாநகராட்சியின் பொறுப்பு. தெரியாமல் துறையை மாற்றித் தேர்ந்தெடுத்தாலும் செயலி ஏற்றுக்கொள்ளும், பிறகு சத்தமில்லாமல் முடித்துவிடும்.

டிசம்பர் 23 அன்று பதில் வந்தது. மூன்று படங்களையும் மேசையில் பரப்பி வைத்துப் பார்த்தேன். மூன்றிலும் பிள்ளையார் கோயில் தெரு, தேநீர்க் கடை, காய்ந்த தார்ச் சாலை. கடைசிப் படத்தில் வலது ஓரத்தில் எங்கள் சந்தின் நுழைவாயில் தெரிந்தது. இன்னும் பத்தடி உள்ளே வந்திருந்தால் தண்ணீர் தெரிந்திருக்கும். கோபம் வரும் என்று எதிர்பார்த்தேன், வரவில்லை. வந்தவர் தனக்குக் கொடுக்கப்பட்ட முகவரியைச் சரியாகத்தான் பார்த்திருக்கிறார். தெருப் பட்டியலைப் பார்த்தபோதுதான் விஷயம் முழுவதும் புரிந்தது. ரயில் பாதைக்குக் கிழக்கே நாங்கள் பெயர் சொல்லி அழைக்கும் சந்துகளில் பெரும்பாலானவை அதில் இல்லை. இல்லாத சந்திலிருந்து புகார் வராது. வராத புகாருக்கு லாரி போகாது.

ஜனவரி 5, ஞாயிற்றுக்கிழமை மாலை, ஆண்களும் கைப்பேசிகளும் வீட்டில் இருக்கும் நேரமாகப் பார்த்து, கோயில் திண்ணையில் உட்கார்ந்தோம். பதினோரு வீட்டார் தங்கள் சொந்த எண்ணிலிருந்து, தங்கள் சொந்த வாசகத்தில் புகார் செய்தார்கள். ரசீது இல்லாதவர்களை நான் வற்புறுத்தவில்லை. அவர்கள் பயத்துக்குக் காரணம் இருக்கிறது. எல்லோரும் மின்கம்ப எண்ணையும் ரேஷன் கடையையும் குறிப்பிட்டார்கள். பத்தாம் வகுப்பு படிக்கும் ஒரு பெண் கூகுள் வரைபடத்தில் எங்கள் சந்தை வரைந்து சேர்க்கப் பரிந்துரை அனுப்பினாள். மறுநாள் திங்கட்கிழமை, ஆட்சியர் அலுவலகத்து மக்கள் குறைதீர் கூட்டத்துக்குப் போய், 19 வீட்டார் கையெழுத்திட்ட மனுவோடு அந்த மூன்று படங்களின் நகலையும் கொடுத்து, மனு எண் வாங்கிக்கொண்டோம். மனுவில் இரண்டே கோரிக்கைகள்: அடைப்பை எடுக்க வேண்டும், செயலியின் தெருப் பட்டியலில் எங்கள் சந்தையும் சேர்க்க வேண்டும். முதல்வரின் உதவி மையமான 1100க்கும் அன்றே அழைத்துச் சொன்னேன். அது எழுதப் படிக்கத் தெரியாதவர்களுக்கும் உதவும், செயலி தேவையில்லை. காகிதமும் தொலைபேசியும் பழைய முறை என்று நினைத்து அவற்றைக் கடைசிக்குத் தள்ளியது என் அசட்டுத்தனம்.

ஜனவரி 22, பொங்கல் கழிந்த அடுத்த வாரம், ஜெட்டிங் லாரி வந்தது. குழாய் எட்டாமல் திரும்பிப் போகப் பார்த்தார்கள். பொறியாளர் நீளமான குழாயை வரவழைத்தார். இரண்டு மணி நேரத்துக்குப் பிறகு, யாரோ வீடு கட்டியபோது உள்ளே போயிருந்த சிமெண்ட் மூட்டைச் சாக்கும் கல்லும் வெளியே வந்தன. லாரிக்காரருக்கு மதினி காபி போட்டுக் கொடுத்தார்.

செலவுக் கணக்கையும் முழுமையாகச் சொல்லிவிடுகிறேன். தனியார் லாரி இரண்டு முறைக்கு 5,500, தரகருக்கு 2,000, கணினி மையத்துக்கு 350, மருத்துவத்துக்கு 4,200, சம்பளமில்லா விடுப்பு ஆறு நாளுக்கு 4,200. பலன் கொடுத்தவற்றுக்கு ஆன செலவைத் தனியாக எழுதி வைக்கவில்லை; கட்டண வில்லை, அஞ்சல், நகல், பேருந்து எல்லாம் சேர்த்து இருநூறு ரூபாயைத் தாண்டியிருக்காது. இன்னொரு வாய்ப்பையும் நான் தவறவிட்டேன். வார்டுக்குள் குடியிருப்பவர்கள் கூடிக் குறைகளைச் சொல்லும் பகுதி சபைக் கூட்டங்கள் 2022 நவம்பர் 1 முதல் தமிழ்நாட்டில் நடக்கின்றன. எங்கள் பகுதியில் நடந்ததா என்று நான் விசாரிக்கவே இல்லை. தெருப் பட்டியலில் ஒரு சந்தின் பெயரைச் சேர்ப்பது போன்ற கோரிக்கையை வைக்க, மாமன்ற உறுப்பினர் முன்னிலையில் குறிப்பேட்டில் பதிவாகும் அந்த இடம் பொருத்தமானது. கூட்டம் எப்போது என்று மாமன்ற உறுப்பினரின் அலுவலகத்தில் கேட்டு வையுங்கள்.

மார்ச் மாதம் செயலியைத் திறந்தபோது எங்கள் சந்து பட்டியலில் இருந்தது, எழுத்துப் பிழையோடு. ஆனால் சந்து முடிந்த பிறகு ரயில்வே சுவரை ஒட்டி மூன்று வீடுகள் இருக்கின்றன. அவர்களுக்குப் பட்டா இல்லை, கதவு எண் இல்லை, அவர்கள் வீட்டு வாசலில் இருக்கும் மின்கம்பத்திலும் எண் அழிந்துவிட்டது. ஜூலையில் அங்கே தண்ணீர் தேங்கியபோது அந்த வீட்டு அக்கா என்னிடம் வந்து, "உன் வீட்டு நம்பரைப் போட்டே எழுதிடு பாப்பா" என்றார். எழுதினேன். அடுத்த நாள் ஒருவர் வந்து எங்கள் வாசலில் நின்றார். நானே அவரைக் கூட்டிக்கொண்டு போய் அந்த இடத்தைக் காட்டினேன். அவர் சுவரைப் பார்த்தார், வீடுகளைப் பார்த்தார், இது தங்கள் எல்லைக்குள் வருமா என்று கேட்டுச் சொல்வதாகக் கூறிவிட்டுப் போனார்.